பதினோராம் தாளில் ஒரு சுவர்

நீர் விநியோக அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், வரைபட அறை என்று பலகை தொங்கும் நீளமான ஓர் அறையில், இருபத்திரண்டு வருடமாக ஒருவர் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருக்கிறார். மண்ணுக்கு அடியில் எந்தத் தெருவில் எந்தக் குழாய் எத்தனை அடி ஆழத்தில் ஓடுகிறது, எங்கே வளைகிறது, எங்கே இன்னொன்றோடு சேர்கிறது என்று கோடு போட்டு வைப்பது அவர் வேலை. அலுவலகத்தில் அவரை மேப்பு என்பார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் மட்டும் பயந்துபோய் ‘மேப்பு சார்’ என்பார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி, வெளியே எட்டிப் பார்ப்பதில்லை.

தெருவைத் தோண்டும் ஆட்களுக்கு அவர்மேல் அப்படி ஒரு நம்பிக்கை. “மேப்பு கோடு போட்டிருக்காரா? அப்ப கண்ணை மூடிக்கிட்டுத் தோண்டு” என்பார்கள். காரணம், தன் கண்ணால் பார்க்காத எதையும் அவர் தாளில் ஏற்றமாட்டார். பழைய வரைபடத்தில் இருக்கிறது, மேலதிகாரி சொல்லிவிட்டார், எதிர்வீட்டுக்காரர் சத்தியம் செய்கிறார், எதுவும் அவரிடம் செல்லாது. தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தானே குழிக்குள் இறங்கிவிடுவார். போன வருடம் அப்படி இறங்கியவரின் தொப்பை குழியின் வாயில் மாட்டிக்கொள்ள, மூன்று பேர் சேர்ந்து இழுத்து எடுக்க வேண்டியிருந்தது. வெளியே வந்ததும் அவர் கேட்டது, “அளவு நாடா எங்கய்யா?”

இந்தப் பிடிவாதத்தை அவர் எந்தக் கல்லூரியிலும் கற்கவில்லை. பதின்மூன்று வயதில், தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, டி.வி.யில் ஓடிய ஒரு வீடியோ கேமைப் பார்த்துக் கற்றார். அதே கேமில்தான் அதை ஒரே ஒரு முறை மீறவும் செய்தார். மீறியது இவர். அதன் பலனை முப்பத்திரண்டு வருடம் அனுபவித்தது வேறொருவர்.

அந்த வேறொருவர் இவருடைய அத்தை மகன். ஒரே வயது, ஒரே பள்ளிக்கூடம், இரண்டு தெரு தள்ளி வீடு. படிக்கட்டை ஒவ்வொன்றாக இறங்குவது அவனுக்கு அவமானம். கடைசி ஆறு படியைத் தாண்டித்தான் தரையில் காலை வைப்பான். அதனால் மேப்பு அவனுக்குத் தவளை என்று பெயர் வைத்தான். பதிலுக்கு அவன் வைத்ததுதான் மேப்பு.

அத்தை வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் ஆண்டு விழாக் குலுக்கலில் அத்தைக்கு அந்தக் கேம் பெட்டி விழுந்தது. அத்தை வீட்டிலோ டி.வி. கிடையாது. ஆகவே பெட்டி மேப்பு வீட்டுக்கு வந்தது. அவர்கள் பெட்டி, இவர்கள் டி.வி. இரண்டு குடும்பம் சேர்ந்தால்தான் விளையாட்டு. பெட்டியோடு வந்தது ஒரே ஒரு கன்ட்ரோலர், ஒரே ஒரு கேசட். கேசட்டின் மேல் எழுதியிருந்தது எந்த ஊர் எழுத்து என்றே இருவருக்கும் தெரியாது. எனவே அந்தக் கேமுக்குப் பெயர் இல்லை. அதில் ஓடும் குட்டி உருவம் முதுகில் ஒரு மூட்டையைக் கட்டியிருந்ததால் அவனுக்கு மூட்டைக்காரன் என்று பெயர் வைத்தார்கள். மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று கேம் கடைசிவரை சொல்லவில்லை.

மூட்டைக்காரன் ஒரு பெரிய குகைக்குள் விழுந்துவிடுகிறான். அவனை வெளியே கொண்டுவர வேண்டும். கதை அவ்வளவுதான். ஆனால் அந்தக் குகை லேசுப்பட்டதல்ல. அந்தரத்தில் முன்னும் பின்னும் போகும் கற்கள், மிதித்த மறுகணம் உதிரும் பாலங்கள், வழுக்கும் சரிவுகள், ஒன்றுக்குள் ஒன்றாக நூற்றுக்கணக்கில் அறைகள். மேப்பின் கட்டைவிரல் குதிக்க வேண்டிய நேரத்துக்கு அரை நொடி முன்னால் குதிக்கும், இல்லையென்றால் அரை நொடி கழித்துக் குதிக்கும். சரியான நேரத்துக்கும் அதற்கும் ஏழாம் பொருத்தம். தவளையின் விரலோ சொன்னபடி கேட்கும். ஆனால் அவனை ஓர் அறைக்குள் விட்டால் வந்த வழி அவனுக்கு மறந்துபோகும். ஆக, சண்டை சச்சரவு இல்லாமல் வேலை பிரிந்தது. தவளை கை, மேப்பு கண்.

கணக்கு நோட்டுக்கு வாங்கிய கட்டம் போட்ட தாளில் மேப்பு குகையை வரைந்தான். ஒரு கட்டம் மூட்டைக்காரனின் ஓர் அடி. முதலில் பென்சில். சுவர் என்று நினைக்கும் இடத்தில் தவளை முட்டிப் பார்ப்பான், குதித்துப் பார்ப்பான், உதைத்துப் பார்ப்பான். இரண்டு பேரும் ‘சுவர்தான்’ என்று சொன்ன பிறகே கறுப்பு மை. ஒருவன் சொன்னால் போதாது. இது அவர்களுக்குள் எழுதாத சட்டம். தாள் நிறைய நிறைய அடுத்த தாளைச் சேர்த்தார்கள். பதினான்கு தாள் ஆயிற்று. விரித்தால் கூடத்தில் நடக்க இடம் இருக்காது. மேப்பின் அம்மா முறத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாகச் சுற்றிப் போவாள். “உங்க குகையை மிதிச்சுட்டேன்னு என்மேல கேஸ் போட்டுடாதீங்கப்பா.”

இன்றைக்கும் மேப்பு குழிக்குள் இறங்கி நீர் சொட்டும் சத்தம் கேட்டால் அந்தக் குகைதான் நினைவுக்கு வரும். அதில் இசை என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. சொட்டு சொட்டாக ஒரு சத்தம், ஆழம் போகப் போக மெதுவாகும். பச்சை வெளிச்சம் இருக்கும் பகுதிக்கு வந்தால் சத்தமே நின்றுவிடும். அங்கே இருவரும் காரணமில்லாமல் குசுகுசுவென்றுதான் பேசிக்கொள்வார்கள். ஒருமுறை, இரண்டு வாரம் கீழே கீழே இறங்கிக்கொண்டே போய், இனி இதற்கு முடிவே இல்லை என்று அலுத்துப்போன வேளையில், ஒரு கதவு திறந்தது. மூட்டைக்காரன் காலை எடுத்து வைத்தான். பார்த்தால் அது விளையாட்டின் முதல் அறை! அவன் விழுந்த அதே இடம், அதே ஒடிந்த ஏணி. இவ்வளவு தூரம் சுற்றி வந்தது தன் வீட்டுப் பின்வாசலுக்குத்தான். “டேய், நம்ம வீடுடா!” என்று தவளை கத்தினான். மேப்பு மூன்றாம் தாளையும் முதல் தாளையும் இணைத்து ஒரு கோடு இழுத்தான். அந்த நொடியின் சந்தோஷத்தை அவர் அதற்குப் பிறகு தன் கல்யாணத்தில்கூட அனுபவித்ததில்லை. இதை அவர் மனைவியிடம் சொன்னதில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. மேப்புக்குக் கடைவாய்ப் பல் பிடுங்க வேண்டியிருந்தது. அவனை அம்மா பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். தவளை மட்டும் தனியாகக் கூடத்தில் உட்கார்ந்து விளையாடினான்.

திரும்பி வந்த மேப்பின் கன்னம் பூசணிக்காய் போல வீங்கியிருந்தது. வாய் நிறையப் பஞ்சு. எரிச்சல் மூக்குக்கு மேல் இருந்தது. அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் தவளை பாய்ந்து வந்தான்.

“டேய் மேப்பு, பதினோராம் தாள் இருக்குல்ல, அந்தத் திட்டு, அதுக்கு எதிர்ல சுவர்? அது சுவரே இல்லடா! தொறந்துச்சுடா! உள்ள ஒரு ரூம். பெரிய கூடு. அதுல இத்தா பெரிய பறவை, தலைய றெக்கைக்குள்ள வெச்சுக்கிட்டுத் தூங்குது! நான் கிட்ட போனேனா, அது முழிச்சுப் பறந்துபோயிடுச்சு. அப்புறம் நான் வெளிய வந்தேன், சுவர் மூடிக்கிச்சு!”

மேப்பு கையைக் காட்டினான். செய்து காட்டு என்று அர்த்தம்.

தவளை உட்கார்ந்தான். மூட்டைக்காரனைத் திட்டில் ஏற்றினான். சுவரைப் பார்த்துக் குதித்தான். திறக்கவில்லை. ஓடி வந்து குதித்தான். மேலேயிருந்து விழுந்து பார்த்தான். உதைத்தான். முட்டினான். மேப்பு தாளின் ஓரத்தில் கோடு போட்டு எண்ணிக்கொண்டே இருந்தான். நாற்பத்தோரு முறை. சுவர் சுவராகவே நின்றது. தவளையின் காது சிவந்துவிட்டது.

“சத்தியமாடா. தொறந்துச்சுடா.”

மேப்புக்கு வலி ஒரு பக்கம். அதைவிடப் பெரிய வலி இன்னொரு பக்கம்: தான் இல்லாதபோது இவன் மட்டும் எப்படி ஒன்றைக் கண்டுபிடிக்கலாம்? கண் நான்தானே? இந்தப் பொறாமைக்கு அவன் அன்று பொறாமை என்று பெயர் வைக்கவில்லை, நியாயம் என்று வைத்தான். வாயில் பஞ்சு இருந்ததால் பேச முடியவில்லை. பேனாவை எடுத்தான். அந்தச் சுவரின்மேல், தவளையைக் கேட்காமல், தடிமனாக மைக்கோடு இழுத்தான். பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதிக் காட்டினான்: புளுகு.

தவளை அதைப் படித்தான். கன்ட்ரோலரின் வயரை ஒழுங்காகச் சுற்றி வைத்துவிட்டு எழுந்து போனான். அன்றைக்கு அவன் படியைத் தாண்டவில்லை, ஒவ்வொன்றாக இறங்கினான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. பெட்டியைத் திருப்பிக் கேட்கக்கூட ஆள் வரவில்லை.

மேப்பு தனியாக ஆட முயன்றான். மூட்டைக்காரன் முதல் பாலத்திலேயே விழுந்து விழுந்து செத்தான். போதாததற்கு அவன் மூட்டைமேல் ஒரு வெள்ளைப் புள்ளி வேறு தெரிந்தது. கேசட்டில் தூசி அடைத்திருக்கும் என்று மேப்பு அதை வெளியே எடுத்து ஊதினான். அந்தக் காலத்தில் கேசட்டுக்கு எந்த வியாதி வந்தாலும் ஊதுவதுதான் வைத்தியம். மூச்சு முட்ட ஊதினான். புள்ளி போகவில்லை. ஒருநாள் எல்லாவற்றையும் அட்டைப் பெட்டியில் போட்டுக் கட்டிவிட்டான்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் சின்னப் பிள்ளைச் சண்டை என்று விட்டுவிடலாம். ஆனால் மேப்பு அந்த நாற்பத்தோரு குதிப்பை வீட்டில் எல்லோருக்கும் நடித்துக் காட்டினான். குடும்பமே வயிறு வலிக்கச் சிரித்தது. தவளை என்ற பெயர் போய்ப் புளுகன் என்ற பெயர் வந்தது. அது போகவே இல்லை. பள்ளிக்கூட நீளம் தாண்டும் போட்டியில் முதலாவதாக வந்தேன் என்றால், “கோப்பையக் காட்டு” என்றார்கள். பெண் பார்த்திருக்கிறேன் என்று அவன் சொன்னபோது பெற்ற தாயே, “நெஜமாவே இருக்காளா?” என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அவனுக்குப் பத்தொன்பது வயதில், மேப்பின் அப்பா மழையில் பஸ் நிறுத்தத்தில் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். அதைப் பார்த்துவிட்டு ஓடி வந்து சொன்னவன் அவன்தான். “யாரு சொன்னா? புளுகனா?” என்று கேட்டுவிட்டு மேப்பு சாவகாசமாகத் தலையைச் சீவினார். அரை மணி நேரம் அந்த மனிதர் ஈரத் தரையில் கிடந்தார். அதையும் பின்னாளில் குடும்பத்தில் ஒரு வேடிக்கையாகத்தான் சொல்வார்கள்.

அந்த மழைநாளுக்குப் பிறகு தவளை மேப்பை ‘டேய்’ என்று கூப்பிடவில்லை. வீட்டு விசேஷங்களில் பார்த்தால், “வாங்க, சௌக்கியமா?” என்பார். “இருக்கேங்க, நீங்க?” என்பார் மேப்பு. ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்த இரண்டு பேர் ஒருவரையொருவர் வாங்க போங்க என்று பேசிக்கொள்வதைக் கேட்டால் மரியாதை என்றுதான் யாருக்கும் தோன்றும். அது மரியாதை இல்லை என்று அவர்கள் இருவருக்கும் தெரியும்.

தவளை உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக் கண்ணாடி துடைக்கும் வேலைக்குப் போனார். இப்போது அந்தக் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். உலகத்தில் யாரும் பார்க்காத ஜன்னல்களின் வழியாக எத்தனையோ காட்சிகள் பார்த்திருப்பார். “இன்னிக்கு என்ன பாத்தீங்க?” என்று வீட்டில் கேட்டால், “ஒண்ணுமில்ல, கண்ணாடிதான்” என்பார்.

போன மாதம் மேப்பு வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். பரணிலிருந்து சாமான்களை இறக்கியபோது அந்த அட்டைப் பெட்டி வந்தது. கல்லூரி இரண்டாம் வருடம் படிக்கும் மகள் அதைப் பிரித்துவிட்டுக் குதித்தாள். அவளும் கேம் ஆடுகிறவள்தான். அவளுடைய கேம்களைப் பார்த்தால் மேப்புக்குப் பற்றிக்கொண்டு வரும். காடு மலை கடல் என்று இஷ்டத்துக்குச் சுற்றலாம், நடக்க நடக்க வரைபடம் மூலையில் தானாகவே உருவாகும். “தானா வரையுதா? அப்ப மனுஷனுக்கு அங்க என்ன வேலை?” என்பார். “சுத்திப் பாக்கறதுதான்பா வேலை” என்பாள் அவள்.

மகள் எங்கேயோ அலைந்து ஒரு வயர் வாங்கி வந்து பழைய பெட்டியைப் புது டி.வி.யில் பொருத்தினாள். மேப்பு கேசட்டை எடுத்து, பழக்கதோஷத்தில், நன்றாக ஊதிவிட்டுச் செருகினார். உள்ளே சேமித்து வைத்த ஆட்டம் இத்தனை வருடத்தில் அழிந்திருக்கும் என்று நினைத்தார். அழியவில்லை. ஆட்டத்தைச் சேமிக்க இருந்த மூன்று இடங்களில் ஒன்றில், பதினோராம் தாளில் வரும் விளக்குக்கு அடியில், மூட்டைக்காரன் அன்று நிறுத்திய இடத்திலேயே நின்றுகொண்டிருந்தான். சொட்டுச் சத்தம் கேட்டது. மேப்பு சட்டென்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

“அவன் மூட்டை மேல என்னப்பா வெள்ளையா?”

“அழுக்கும்மா. அப்பவே இருந்துச்சு.”

“அழுக்கு எப்படிப்பா அவன் கூடவே நடக்கும்?”

“பழைய அழுக்கு” என்றார் மேப்பு. கிளறாதே என்று அர்த்தம்.

பதினான்கு தாளும் விரிந்தன. மகள் ஓரத்தில் இருந்த கொட்டை எழுத்தைப் படித்துவிட்டு யார் புளுகன் என்று கேட்டாள். நம் ஆள் நாற்பத்தோரு குதிப்புக் கதையை மறுபடி நடித்துக் காட்டினார். அவள் சிரிக்கவில்லை. “பாவம்ப்பா மாமா” என்றாள். பிறகு மூட்டைக்காரனை அந்தத் திட்டில் ஏற்றிக் கொண்டுபோய் நிறுத்தினாள். அந்த நேரம் பார்த்து அவளுக்குப் போன் வந்தது. கன்ட்ரோலரைத் தரையில் வைத்துவிட்டுப் பால்கனிக்குப் போனாள். சிநேகிதி. சீக்கிரத்தில் திரும்பமாட்டாள்.

மேப்பு கன்ட்ரோலரை எடுக்கவில்லை. தன் கட்டைவிரலைப் பற்றி அவருக்குத் தெரியும். சும்மா பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூட்டைக்காரனும் சும்மா நின்றான். நின்று நின்று அலுத்துப்போய் மூட்டையை இறக்கிவைத்து அதன்மேல் உட்கார்ந்தான். அவன் இப்படி உட்காருவான் என்பதே மேப்புக்குத் தெரியாது. தவளையின் கையில் இருந்தவரை அவனுக்கு ஒரு நிமிஷம் ஓய்வு கிடைத்ததில்லையே! சற்று நேரத்தில் கொட்டாவி விட்டான். பிறகு, எதிரே இருந்த சுவர், சத்தமில்லாமல், கதவு போல நகர்ந்தது.

மேப்பு அசையாமல் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு மழை பெய்தது நினைவுக்கு வந்தது. பல் டாக்டரிடமிருந்து நனைந்துகொண்டுதான் வந்தார்கள். வந்து பார்த்தால் மொட்டைமாடியில் காய்ந்த துணியெல்லாம் மடித்து நாற்காலியில் இருந்தது. “துணியெல்லாம் தவளை எடுத்துட்டு வந்துட்டான், தங்கமான புள்ள” என்று அம்மா சொன்னாள். அவன் கன்ட்ரோலரைத் தரையில் போட்டுவிட்டு மாடிக்கு ஓடியிருக்கிறான். திரும்பி வரும்போது சுவர் திறந்திருக்கிறது. ஏன் திறந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. செய்து காட்டச் சொன்னதும், பாவம், தனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தான். நாற்பத்தோரு முறை குதித்தான். சும்மா இருந்திருந்தால் திறந்திருக்கும்.

மகள் ஓடி வந்து மூட்டைக்காரனை உள்ளே கொண்டுபோனாள். சின்ன அறை. நடுவில் பெரிய கூடு. கூட்டில் ஒன்றுமில்லை.

“பறவை எங்க?” என்றார் மேப்பு. சொல்லும்போது அவர் குரலில் ஒரு நிம்மதி இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. “பாத்தியா? ரூம் இருக்கு, சரி. பறவைய அவர் கட்டிவிட்டிருக்கார்.” முப்பத்திரண்டு வருடத் தவறில் பாதியாவது சரியென்று ஆகிவிடாதா என்று மனிதருக்கு ஓர் ஆசை!

மகள் அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள். காலியாக இருந்த இன்னோர் இடத்தில் ஆட்டத்தைப் புதிதாக ஆரம்பித்தாள். அப்பாவின் பதினான்கு தாளையும் வழிகாட்டியாக வைத்துக்கொண்டு மூன்று சாயங்காலம் ஆடினாள். ஒரு கோடுகூடத் தவறவில்லை என்று வியந்தாள். வேறு சமயமாக இருந்தால் மேப்பு தலைகால் புரியாமல் ஆடியிருப்பார். நான்காம் நாள் திட்டுக்கு வந்து, கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். சுவர் நகர்ந்தது.

கூட்டில் பறவை இருந்தது. இத்தா பெரிய பறவை, தலையைச் சிறகுக்குள் வைத்துக்கொண்டு தூங்கியது. மூட்டைக்காரன் கிட்டே போனதும் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தது. பிறகு இரண்டு சிறகையும் விரித்து மேலே பறந்து மறைந்தது. அதிலிருந்து ஓர் இறகு ஆடி ஆடி இறங்கி மூட்டைக்காரனின் மூட்டைமேல் விழுந்து ஒட்டிக்கொண்டது. வெள்ளையாக, ஒரு புள்ளி போல.

மேப்பின் முகத்தில் ஈயாடவில்லை.

மகளுக்கு முன்னால் அந்தக் கேசட்டை இந்த உலகத்தில் தொட்டவர்கள் இரண்டே பேர். பழைய ஆட்டத்தில் பறவையை எழுப்பியது யார் என்பதற்குச் சாட்சி, மூட்டைக்காரன் முதுகிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. கண் நான்தான் என்று மார்தட்டிக்கொண்டவர் அதைத் தூசி என்று நினைத்து ஊதித் தள்ளப் பார்த்திருக்கிறார். பதின்மூன்று வயதில் ஊதினார், நாற்பத்தைந்து வயதிலும் ஊதினார். “அப்பா?” என்றாள் மகள். அவர் எழுந்துபோய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டார். வெகுநேரம் குழாய் ஓடும் சத்தம் கேட்டது.

மறுநாள் மேப்பு, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல்முறையாக, காரணம் சொல்லாமல் அரை நாள் விடுப்பு எடுத்தார். தவளை எந்தக் கட்டடத்தில் தொங்குகிறார் என்று அத்தையிடம் போனில் கேட்டுக்கொண்டு, சுருட்டிய தாளோடு அதன் அடியில் போய் நின்றார். நண்பகல் வெயிலில் கண்ணாடியைப் பார்க்கக் கண் கூசியது. கயிறுகள் ஒவ்வொன்றாக இறங்கின. கடைசிக் கயிற்றில் வந்தவர், தரைக்கு ஆறடி இருக்கும்போதே கொக்கியைக் கழற்றிவிட்டுத் தொப்பென்று குதித்தார். தலை நரைத்திருந்தது. குதிப்பு அப்படியே இருந்தது.

தவளை இவரைப் பார்த்துத் திடுக்கிட்டார். “வாங்க. வீட்டுல எல்லாரும் சௌக்கியந்தானே? யாருக்காவது ஏதாவது...?”

“எல்லாரும் நல்லா இருக்காங்க” என்றார் மேப்பு. வழியெல்லாம் கோர்த்துக்கொண்டு வந்த வார்த்தைகள் காணாமல் போயிருந்தன. வாயில் மறுபடியும் பஞ்சு அடைத்தாற்போல் இருந்தது. “அந்தச் சுவர் தொறந்துச்சு” என்றார்.

தவளை எந்தச் சுவர் என்று கேட்கவில்லை. இடுப்புவாரைக் கழற்றிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

“குதிக்கக் கூடாது. சும்மா உக்காந்திருக்கணும். அன்னிக்கு மழை வந்துச்சுல்ல, நீங்க துணி எடுக்கப் போனீங்கல்ல.”

தவளை கட்டடத்தின் நிழலில், படிக்கட்டில் உட்கார்ந்தார்.

“பறவை?”

“இருந்துச்சு.”

“இருங்க, சொல்லாதீங்க. நானே சொல்றேன்.” கையை உயர்த்தித் தடுத்தார். “ஒத்தைக் கண்ணைத் தொறந்து பாக்கும். அப்புறம் பறக்கும். ஒரு இறகு விழும். மூட்டை மேல. இத நான் அன்னிக்குச் சொல்லவே இல்ல. சொல்றதுக்குள்ள நீங்க எழுதிட்டீங்க.” “சரியா?”

“சரிதான்” என்றார் மேப்பு.

“கனவுன்னே நெனச்சுட்டேங்க. எல்லாரும் சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. என் பொண்டாட்டிகிட்ட அந்தப் பறவையப் பத்திச் சொல்லியிருக்கேன். சின்ன வயசுல கண்ட கனவுன்னு சொல்லியிருக்கேன்.”

மேப்பு ‘மன்னிப்பு’ என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை. பேசாமல் பதினோராம் தாளைப் பிரித்துப் படிக்கட்டில் வைத்தார். தடித்த மைக்கோடு. பக்கத்தில் கொட்டை எழுத்து. ஓரத்தில் நாற்பத்தோரு கோடுகள்.

தவளை இடுப்புப் பையிலிருந்து கண்ணாடியில் ஒட்டிய பிசின் சுரண்டும் பிளேடை எடுத்தார். மைக்கோட்டின்மேல் மெல்லச் சுரண்ட ஆரம்பித்தார். வரைபட அறையிலும் மை அழிப்பது பிளேடால்தான். ஆனால் அங்கே தாள் தடிமன், இது நோட்டுத் தாள்.

“பாத்துங்க, ஓட்டை விழுந்துடும்” என்றார் மேப்பு.

“விழட்டும். அங்க வழிதானே இருக்கு?”

விழுந்தது. தாளைத் தூக்கிப் பார்த்தால், சுவர் இருந்த இடத்தில் விரல்நகம் அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. தவளை பிளேடின் கைப்பிடியை மேப்பின் பக்கம் நீட்டி, அந்த வார்த்தையைக் காட்டினார்.

“இது உன் எழுத்து. நீயே சுரண்டு.”

உன். நீ. மேப்பு தலையைக் குனிந்துகொண்டு சுரண்டினார். அவர் கைக்கு இருபத்திரண்டு வருடப் பழக்கம் உண்டு, இருந்தாலும் இதை மெதுவாகத்தான் அழித்தார். தவளை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்து ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் ஒரு பழுப்புக் கறை மட்டும் மிஞ்சியது.

இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பிறகு தவளை தொண்டையைக் கனைத்தார். மேலே நிமிர்ந்து கட்டடத்தைப் பார்த்தார்.

“மேப்பு.”

“ம்.”

“இருபத்திமூணாவது மாடியில ஒரு பெரிய அதிகாரி. கோட்டு சூட்டெல்லாம் போட்டுக்கிட்டு, தினம் பதினோரு மணிக்குக் கதவைச் சாத்திட்டு மேஜைக்கு அடியில நுழைஞ்சு சுருண்டு படுத்துத் தூங்கறாரு. பக்கத்துல ஷூவக் கழட்டி ஜோடியா வெச்சிருப்பாரு. சத்தியமாடா.”

சொல்லிவிட்டு அவர் ஓரக்கண்ணால் மேப்பின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு வருகிறதா என்று பார்க்கிற, பல வருடப் பழக்கமுள்ள பார்வை அது.

மேப்பு சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். பென்சில் அல்ல, பேனா. பதினோராம் தாளைத் திருப்பி, வெறுமையாக இருந்த பின்பக்கத்தில் கட்டடத்தின் விளிம்பை நேராக ஒரு கோடு இழுத்தார். தன் கண்ணால் பார்க்காத ஒரு ஜன்னலின்மேல் பேனா முனையை வைத்துக்கொண்டு கேட்டார்:

“இடமிருந்து எத்தனாவது ஜன்னல்டா?”